குங்பொய் ஆடுவது எப்படி

இந்தக் குங்பூ சீட்டாட்டத்தின் முதல் பதிப்புக்கு நான் 112 சீட்டு எழுதினேன். சாதாரணச் சீட்டின் அளவிலேயே, 63-க்கு 88 மில்லிமீட்டரில், அட்டை என்று நான் நம்பிய ஒரு காகிதத்தை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு அடியின் பெயர், அதன் கீழ் ஒரு ஜோக், அதற்கும் கீழே நாலு வரி விதி. மூன்று ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போனது. ஆறு பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்தால் முதல் அரை மணி நேரம் அறையில் சத்தமே இல்லை. எல்லோரும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் முறை ஆடியபோது அந்தச் சிரிப்பும் போச்சு, ஜோக் தெரிந்துபோயிருந்தது. போதாக்குறைக்கு காகிதம் மெலிசு. விளக்குக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த அத்தைக்கு என் கையிலிருந்த சீட்டு முழுக்கப் பின்பக்கமாகவே தெரிந்திருக்கிறது. ஆட்டம் முடிந்து, அவர் ஜெயித்து, எல்லோரும் எழுந்த பிறகுதான் அதைச் சொன்னார்.

அந்த 112-ஐயும் தூக்கிப் போட்டுவிட்டு, எல்லா வீட்டிலும் கிடக்கும் 52 சீட்டுக் கட்டை எடுத்தேன். அன்று புரிந்தது ஒன்றுதான்: சீட்டில் ஜோக் எழுதக்கூடாது. சீட்டு சும்மா இருக்க வேண்டும், சிரிக்க வைப்பது உட்கார்ந்திருக்கும் ஆட்களின் வேலை. கீழே இருக்கும் எல்லா விதியும் அதற்காகத்தான்.

ஆட்டத்தின் பெயர் குங்பொய். குங்பூவும் பொய்யும் சேர்ந்தது. 4 முதல் 7 பேர் வரை ஒரு கட்டு போதும். எட்டு பேரோ அதற்கு மேலோ என்றால் இரண்டு கட்டைக் கலந்துகொள்ளுங்கள், பின்பக்கப் படம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஆறு பேர் ஆடினால் முக்கால் மணி நேரத்தில் முடியும், யாராவது விதி பேச ஆரம்பித்தால் ஒரு மணி நேரம்.

என்ன வேண்டும்

ஒரு முழுக் கட்டு, இரண்டு ஜோக்கரோடு 54 சீட்டு. அப்புறம் ரிப்பன். இதைத் தவிர்க்காதீர்கள். வெள்ளை, மஞ்சள், பச்சை, பழுப்பு நான்கும் ஆளுக்கு ஒன்று. கறுப்பு மட்டும் மொத்தத்துக்கும் ஒன்றே ஒன்று. ஒவ்வொன்றும் 90 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் எந்தத் தலையையும் சுற்றி முடிச்சுப் போடலாம். ஆமாம், பெல்ட்டைத் தலையில்தான் கட்ட வேண்டும். இடுப்பில் கட்டினால் மேஜைக்குக் கீழே மறைந்துவிடும், யார் எந்த நிலையில் இருக்கிறார் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தவிர, தலையில் மஞ்சள் ரிப்பனோடு ஒருவர் கோபமாகப் பேச முயல்வதைப் பார்த்தால்தான் தெரியும், பாதி வேலையை ரிப்பனே செய்துவிடுகிறது.

பெல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை பெல்ட் வருஷக்கணக்கில் அழுக்கேறி அழுக்கேறித்தான் கறுப்பாகும் என்ற கதையை ஒருவராவது சொல்வார். அது கதைதான். ஜப்பானில் 1882-இல் ஜூடோவைத் தொடங்கிய கானோ ஜிகோரோதான் நிலைகளைப் பிரித்துக் கறுப்பு பெல்ட்டை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதைப் பின்பற்றி 1924-இல் புனகோஷி கிச்சின் கராத்தேயில் கறுப்பு பெல்ட் கொடுக்கத் தொடங்கினார். நடுவிலிருக்கும் வண்ணங்கள் பரவியது 1930-களில், பாரிஸில் ஜூடோ கற்றுக்கொடுத்த கவாய்ஷி மூலமாக. சீக்கிரம் சீக்கிரம் ஒரு நிறம் மாறினால்தான் மாணவர்கள் ஓடிப்போகாமல் இருப்பார்கள் என்பது நம் ஆட்டத்துக்கும் பொருந்தும். அதனால்தான் புள்ளிக் கணக்கு எழுதாமல் ரிப்பன் வைத்தேன்.

சீட்டின் பொருள்

நாலு ஜாதியில் மூன்று சண்டைக்கு, ஒன்று உயிர் பிழைக்க. இஸ்பேடு குத்து. டைமன் உதை. கிளாவர் பிடி, அதாவது மல்யுத்தக்காரரும் ஜூடோக்காரரும் செய்வதுபோல் பற்றி மடக்குவது. ஆட்டின், அதாவது சிவப்பு இதயம், மூச்சு.

உதை குத்தை வெல்லும், ஏனென்றால் கையைவிடக் கால் நீளம். பிடி உதையை வெல்லும், தூக்கிய காலைப் பிடித்துவிட்டால் ஒற்றைக்காலில் நிற்பவர் கதை முடிந்தது. குத்து பிடியை வெல்லும், பிடிக்கக் கிட்டே வருபவர் தன் முகத்தையும் கூடவே கொண்டுவருகிறார். இந்த மூன்று காரணத்தையும் ஒருமுறை செய்து காட்டிவிட்டால் யாருக்கும் மறக்காது. காரணம் சொல்லாமல் வரிசையை மட்டும் சொன்னால் கடைசிவரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இரண்டு பேரும் ஒரே ஜாதியை வைத்தால் பெரிய எண் ஜெயிக்கும். ஜாக்கி 11, ராணி 12, ராஜா 13, ஏஸ் 14. ஒரே ஒரு விலக்கு: 2 ராஜாவை வெல்லும். ராஜா குரு, 2 நேற்றுச் சேர்ந்த பொடியன். குருவை வீழ்த்துவது எப்போதும் அந்தப் பொடியன்தான். ஜாதி வேறானால் எண்ணைப் பார்க்கவே வேண்டாம். டைமன் 3 இஸ்பேடு ராஜாவைச் சாய்த்துவிடும். இரண்டு கட்டு வைத்து ஆடும்போது ஜாதியும் எண்ணும் ஒன்றாக வந்தால், இருவரும் எழுந்து நின்று குனிந்து வணங்கிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் உட்கார வேண்டும்.

மூச்சைத் தாக்குவதற்கு வைக்கக்கூடாது, தற்காப்புக்கு மட்டும். வந்த அடியின் எண்ணைவிட மூச்சின் எண் பெரிதாக இருந்தால் தப்பித்துவிட்டீர்கள், யாருக்கும் லாபமில்லை. சிறிதாகவோ சமமாகவோ இருந்தால் அடி விழுந்தது. உங்கள் முறை வரும்போது கையில் ஐந்தும் ஆட்டினாக இருந்தால் அவற்றைக் கீழே போட்டுப் புதிதாக ஐந்து எடுங்கள். அந்த முறை போச்சு, ஆனால் எல்லோரும் உங்களோடு சேர்ந்து ஒரு நீண்ட மூச்சு இழுத்துவிட வேண்டும். முதல் பகிர்விலேயே இப்படி ஐந்தும் ஆட்டினாக வருவது 2,457-க்கு ஒருமுறை. ஆட்டம் போகப் போக ஆட்டினைப் பதுக்கி வைப்பவர்களுக்குச் சீக்கிரமே வரும். எங்கள் மாமா இதை அடிக்கடி செய்வார். ஓய்வெடுக்கத்தான் என்று எனக்குச் சந்தேகம்.

ஜோக்கர் வழுக்கல். தாக்கியவர் வைத்தாலும் தடுத்தவர் வைத்தாலும் இரண்டு பேரும் கால் வழுக்கி விழுந்தார்கள் என்று பொருள். இருவரும் ஒரு பெல்ட் இறங்க வேண்டும், மேஜையில் இருக்கும் எல்லோரும் தங்கள் கைச்சீட்டை அப்படியே இடது பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட வேண்டும். நல்ல கை சேர்த்து வைத்திருந்தவரின் முகம் மாறுவதைத் தவறவிடாதீர்கள்.

ஒரு சண்டை எப்படி நடக்கும்

கலைத்து, வெட்டி, ஆளுக்கு ஐந்து. கலைப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். கட்டை இரண்டாகப் பிரித்து விரலால் சரசரவென்று கோக்கும் முறையில் ஏழு தடவை கலைத்தால்தான் 52 சீட்டும் ஒழுங்காகக் கலையும் என்று பேயர், டயகோனிஸ் என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1992-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். கையில் வைத்துக் கொத்துக் கொத்தாக மாற்றிப் போடும் நம் வழக்கமான கலைப்பு அதற்குப் பக்கத்தில்கூட வராது. கோக்கத் தெரியாவிட்டால் மேஜையில் பரப்பிப் போட்டு இரண்டு கையாலும் ஒரு நிமிடம் பிசையுங்கள், போதும். இந்த ஆட்டத்தில் ஒரே ஜாதி கொத்தாக வந்துவிட்டால் பொய்க்கு வேலையில்லாமல் போய்விடும்.

எல்லோரும் வெள்ளை ரிப்பனோடு தொடங்குகிறார்கள். முறை வந்தவர் ஒருவரைச் சுட்டிக்காட்டிச் சவால் விட வேண்டும். மறுக்கக் கூடாது. சவால் விட்டவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் அடியின் பெயரை உரக்க அறிவித்து, உட்கார்ந்தபடியே மூன்று நொடி நிலை காட்டுவார். மூடிய முஷ்டி என்றால் குத்து என்று சொல்கிறார். விரல் நீட்டிய உள்ளங்கை உதை. கொக்கிபோல் வளைந்த விரல்கள் பிடி. அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம்.

சவாலை வாங்கியவர் தன் சீட்டைக் கவிழ்த்து வைப்பார். பிறகு பதில் வசனம். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். வசனம் முடிந்ததும் வேடிக்கை பார்ப்பவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி ஒரே நேரத்தில் கையைக் காட்ட வேண்டும்: விரித்த கை என்றால் தாக்கியவர் சொன்னது மெய், மூடிய கை என்றால் பொய். சரியாகச் சொன்னவர்கள் தங்கள் கையிலிருந்து வேண்டாத ஒரு சீட்டைப் போட்டுவிட்டுக் கட்டிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம். இது சின்ன லாபம்தான், ஆனால் இது இல்லாதபோது தன் முறை வரும்வரை எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இப்போது எந்தச் சண்டையிலும் எல்லோருக்கும் பங்கு உண்டு.

பிறகு இரண்டு சீட்டையும் திருப்புங்கள்.

தாக்கியவர் உண்மை சொல்லி ஜெயித்திருந்தால் அவர் ஒரு பெல்ட் ஏறுவார். பொய் சொல்லி ஜெயித்திருந்தால் அவர் ஏற மாட்டார், எதிராளி ஒரு பெல்ட் இறங்குவார். வெள்ளைக்குக் கீழே இறங்க இடமில்லை, அதனால் வெள்ளையில் இருப்பவரைப் பொய்யால் அடிப்பதில் பயனில்லை. தடுத்தவர் ஜெயித்தால் தாக்கியவர் வைத்த சீட்டு தடுத்தவருக்கே சொந்தம், கையில் சேர்த்துக்கொள்ளலாம். மற்ற சீட்டுகள் கழிவுக்குப் போகும். குறைந்தவர்கள் ஐந்து ஆகும்வரை எடுத்துக்கொண்டு, முறை இடது பக்கம் நகரும். கட்டு தீர்ந்தால் கழிவைக் கலைத்து வையுங்கள்.

உண்மை உன்னை ஏற்றும், பொய் அடுத்தவனை இறக்கும். இந்த ஒரு விதிக்கு வந்து சேர எனக்கு நாலைந்து ஆட்டம் ஆனது. அதற்கு முன்னால் எப்படி ஜெயித்தாலும் ஏறலாம் என்று வைத்திருந்தேன். எல்லோரும் எப்போதும் பொய்யே சொன்னார்கள். எப்போதும் பொய் சொல்பவரும் எப்போதும் மெய் சொல்பவரும் ஒன்றுதான், ஒருவரைக் கண்டுபிடிப்பது இன்னொருவரைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டமில்லை.

பெயர் வைப்பது

இதற்குத்தான் பலரும் பயப்படுவார்கள். சூத்திரம் எளிது: ஒரு விலங்கு, அதன் மனநிலை, ஓர் உறுப்பு அல்லது ஒரு செயல். "தூக்கம் கலைந்த யானையின் இடது காது." "கடன் கேட்க வந்த கரடி கதவைத் தட்டுகிறது." பத்து நொடிக்குள் சொல்ல வேண்டும். யோசிக்க விட்டால் கவித்துவமாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள், அது சிரிப்பு வராது.

கூச்சப்படுபவர்களிடம் உண்மையான பெயர்களைச் சொல்லிக் காட்டுங்கள். தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையில் "குருவியின் வாலைப் பற்றுதல்" என்று ஓர் அசைவு இருக்கிறது. "பின்வாங்கிக் குரங்கை விரட்டுதல்" இருக்கிறது. "வெண்கொக்கு சிறகை விரிக்கிறது" இருக்கிறது. ஒன்றும் நான் கட்டிவிட்டதில்லை. சீனத்துத் தென்பகுதிக் குங்பூவில் புலி, கொக்கு, சிறுத்தை, பாம்பு, டிராகன் என்று ஐந்து விலங்கு முறைகள். களரிப்பயட்டில் எட்டு வடிவுகள்: யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில். கவனியுங்கள், நம் பக்கத்துப் பட்டியலில் பூனையும் சேவலும் இருக்கின்றன. டிராகனை வைத்துச் சிரிக்க வைப்பது கடினம், சேவலை வைத்து யாராலும் முடியும். குடித்தவன்போல் தள்ளாடியே அடிப்பதற்கென்று சீனத்தில் ஒரு தனி முறையே உண்டு. பொய் சொல்வதை உடம்பால் செய்தால் அதுதான்.

ஒருவர் சொன்ன விலங்கை அந்த ஆட்டத்தில் இன்னொருவர் சொல்லக்கூடாது என்று ஒரு விதி சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் சுற்றிலேயே புலியும் சிங்கமும் தீர்ந்துவிடும். மூன்றாம் சுற்றில் அட்டை, நத்தை, கரப்பான் என்று இறங்கி வருவார்கள். ஆட்டம் களைகட்டுவது அங்கேதான். நத்தையை வைத்து ஒரு உதைக்குப் பெயர் சொல்லுங்கள் பார்க்கலாம்.

ஒரு தடை மட்டும் உண்டு. வேற்று மொழிக்காரர்களின் உச்சரிப்பைக் கேலியாகப் பேசிக் காட்டுவது, "சிங் சாங்" என்பது, கண்ணை இழுத்துக் காட்டுவது, இதெல்லாம் எங்கள் மேஜையில் கூடாது. யாரோ ஒருவர் செய்வார், நாலு பேர் சங்கடமாகச் சிரிப்பார்கள், ஆட்டம் அங்கேயே படுத்துவிடும். தொடங்கும் முன்பே சொல்லிவிட்டால் யார் மனமும் நோகாது.

பதில் வசனம்

பழைய குங்பூ படங்களை மொழிமாற்றத்தில் பார்த்திருப்பீர்கள். வாய் மூடிய பிறகும் குரல் ஓடிக்கொண்டிருக்கும், அல்லது வாய் அரை நிமிடம் அசைந்து "சரி" என்று ஒரே சொல் வரும். குங்பொய்யின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சவாலை வாங்கியவர் பேசக்கூடாது. வாயை மட்டும் அசைக்க வேண்டும். அவருக்கு இடதுபுறம் இருப்பவர் குரல் கொடுப்பார். முன்கூட்டிப் பேசி வைத்துக்கொள்ளக் கூடாது, ஒருவரை ஒருவர் பார்க்கவும் கூடாது. வாய் நிற்கும்போது குரல் நிற்கத் தேவையில்லை.

கூட்டத்தில் ஒருவர் வாயே திறக்காதவராக இருப்பார், அவரை எப்படி ஆட வைப்பது என்பது எனக்குப் பெரிய கவலையாக இருந்தது. வாயை மட்டும் அசைத்தால் போதும் என்றதும் அவருக்குப் பயம் போய்விட்டது. எங்கள் வீட்டில் அதிகம் பேசாத தம்பி ஒருவன், அவனுக்குப் பக்கத்தில் அக்கா உட்கார்ந்து குரல் கொடுத்தால், அவன் புருவத்தை மட்டும் தூக்குவான். அறை இரண்டாகும்.

ஒரு சண்டையை அப்படியே சொல்கிறேன். அத்தை தலையில் பச்சை, என் நண்பன் தலையில் பழுப்பு. அத்தை அவனைச் சுட்டினார். கண்ணாடியைக் கழற்றி மடித்து மேஜையில் வைத்தார். அந்த அரை நிமிடத்திலேயே அவன் தோற்றுவிட்டான் என்று எனக்குத் தோன்றியது. ஒரு சீட்டைக் கவிழ்த்தார். "கோபித்துக்கொண்ட மயில், தோகையால் முதுகைச் சொறிகிறது." உள்ளங்கை நேராக நின்றது. உதை என்கிறார்.

நண்பன் யோசித்தான். உதை என்பது உண்மையானால் பிடி வைக்க வேண்டும். ஆனால் அத்தை அதற்கு முந்தைய மூன்று சவாலிலும் பொய்தான் சொல்லியிருந்தார். உதை என்று பொய் சொல்பவர் என்ன வைத்திருப்பார்? நம்புகிற ஏமாளி பிடியை வைப்பான், பிடியைச் சாய்ப்பது குத்து. ஆகவே கீழே கிடப்பது குத்து. குத்தைச் சாய்ப்பது உதை. இவ்வளவையும் அவன் நெற்றியிலேயே படிக்க முடிந்தது. டைமன் 9-ஐக் கவிழ்த்து வைத்தான். வாயை வீரமாக அசைத்தான். இடப்பக்கம் இருந்த அக்கா குரல் கொடுத்தாள்: "தாயே, போன வாரம் வாங்கின அடிக்கே இன்னும் தைலம் தேய்க்கிறேன்..." அவன் வாய் நின்றது. "...ஆனா என் குரு சொல்லியிருக்கார், ஓடுறதுன்னா முன்னாலேயே ஓடிடணும்னு."

மூன்று பேர் மூடிய கை காட்டினோம். தம்பி மட்டும் விரித்த கை. திருப்பினால் டைமன் 10. அத்தை உண்மை சொல்லியிருக்கிறார். உதைக்கு உதை, ஒரு எண் வித்தியாசம். பழுப்பு ரிப்பனை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டே நண்பனிடம் சொன்னார்: "இந்த ஒரு உண்மையச் சொல்லத்தான்டா கண்ணா மூணு தடவை பொய் சொன்னேன்."

நீங்கள் கற்றுக்கொடுக்கும்போது இந்த யோசனையைப் புதியவர்களுக்கு விளக்கிவிடாதீர்கள். இரண்டு சுற்றில் அவர்களே கண்டுபிடிப்பார்கள், அந்தக் கணத்தில் அவர்கள் முகத்தில் வரும் களவாணித்தனத்தை நீங்கள் பறிக்கக் கூடாது.

பூனையை ஏமாற்றுதல்

சுமோவில் வெற்றிக்கு இட்டுச்செல்லும் உத்திகள் 82 என்று அதிகாரபூர்வமாக எண்ணி வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் சேராத ஒரு தந்திரம் நெக்கோதமாஷி, "பூனையை ஏமாற்றுதல்" என்று பொருள். ஆட்டம் தொடங்கும் நொடியில் எதிராளியின் முகத்துக்கு முன்னால் இரண்டு கையையும் பட்டென்று தட்டுவது, அவ்வளவுதான். கண் சிமிட்டும் நேரத்தில் பக்கவாட்டில் புகுந்துவிடலாம். 2015-இல் யோக்கோசுனா ஹாகுஹோ, அந்த விளையாட்டின் உச்ச நிலையில் இருந்தவர், இதைச் செய்து ஜெயித்துவிட்டு, பெரிய மனிதர் செய்கிற காரியமா என்று வசவும் வாங்கினார்.

அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஆட்டத்துக்கு ஒரே ஒரு முறை, தாக்குபவர் சீட்டைத் திருப்பும் முன்னால் மேஜைக்கு மேலே கை தட்டலாம். தட்டினால் எதிராளி தான் வைத்த சீட்டை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்தே ஆக வேண்டும். எப்போது தட்டுவது என்பது தனிக் கலை. பார்வையாளர்கள் கை காட்டிய பிறகு தட்டினால் பாதிக் கூட்டம் சபிக்கும். எதிராளியின் முகத்திலிருந்து ஒரு அடியாவது தள்ளியே தட்டச் சொல்லுங்கள்.

பாதுகாப்பு என்றதும் இன்னொன்று: சமமாக வந்து வணங்கும்போது தவிர இருக்கையைவிட்டு யாரும் எழக்கூடாது, யாரையும் தொடக்கூடாது. இதை நான் முதலில் எழுதி வைக்கவில்லை. உண்மையிலேயே கராத்தே பழகிய ஒருவர் வந்திருந்தார், உதையின் நிலையைச் சரியாகக் காட்டுகிறேன் என்று எழுந்து, மின்விசிறிக்குக் கீழே தொங்கிய காகித விளக்கைக் காலால் இறக்கிவிட்டார். அழகான உதைதான், நானே கைதட்டினேன். ஆனாலும் அன்றிலிருந்து விதி. கலை தெரிந்தவர்கள் இந்த ஆட்டத்தில் பொதுவாகத் தோற்பார்கள். அவர்கள் கை பொய் சொல்லப் பழகவில்லை, உண்மையான உதையைச் சொல்லும்போது தோள் கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது.

குழந்தைகள் ஆடினால் மூச்சையும் கைதட்டலையும் எடுத்துவிட்டு மூன்று ஜாதியோடு ஆடுங்கள். பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். எட்டு வயதுக் குழந்தையோடு ஒருமுறை ஆடிப் பாருங்கள், யார் யாருக்குக் கற்றுக்கொடுப்பது என்று தெரிந்துவிடும்.

முடிவு

கறுப்பு ஒன்றுதான் இருக்கிறது. அது ஒருவர் தலையில் இருக்கும்போது பழுப்பில் இருப்பவர் ஏற வேண்டுமானால், கறுப்பில் இருப்பவரையே சவாலுக்கு இழுத்து, உண்மை சொல்லி ஜெயிக்க வேண்டும். அப்போது ரிப்பன் கை மாறும், பழையவர் பழுப்புக்கு இறங்குவார். வேறு யாரை ஜெயித்தாலும் ஒரு சீட்டு கூடுதலாக எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

கறுப்பில் இருப்பவருக்கு மறுபடி முறை வந்தால் அதுதான் கடைசிச் சண்டை. யாரோடு மோதுவது என்பதை அவர் தீர்மானிப்பதில்லை, மற்றவர்கள் கூடிப் பேசி ஒருவரை நிறுத்துவார்கள். கறுப்பு பெல்ட்டுக்குப் பொய் கிடையாது: எந்த ஜாதியை வைக்கிறாரோ அதையே சொல்ல வேண்டும், அதையே காட்ட வேண்டும். எல்லோருக்கும் தெரிந்த அடி, அதற்கான பதிலும் எல்லோருக்கும் தெரியும். எதிராளியின் கையில் அந்த ஜாதிச் சீட்டு இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. ஆகவே கறுப்புக்கு ஏறும் முன்பே, எந்த ஜாதி அதிகம் வெளியே போயிருக்கிறது என்று மனதில் எண்ணிக்கொண்டே வர வேண்டும். கிளாவர் பாதிக்குமேல் கழிவில் கிடந்தால் உதையோடு தைரியமாக இறங்கலாம். ஜெயித்தால் ஆட்டம் முடிந்தது. தோற்றால் பழுப்புக்கு இறங்கி, கறுப்பை மேஜை நடுவில் வைத்துவிட வேண்டும்.

யாராவது சீக்கிரம் கிளம்ப வேண்டுமென்றால் மஞ்சளையும் பழுப்பையும் விட்டுவிட்டு மூன்று பெல்ட்டோடு ஆடுங்கள், கறுப்புக்கு ஏறும் விதி பச்சைக்குப் போகும். இருபது நிமிடம்தான் ஆகும். கிளம்பும்போது வாசலில் நின்று ரிப்பனை எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற நிறம் எல்லாம் திரும்பி வரும். எங்கள் கட்டில் இப்போது இருப்பது நான்காவது கறுப்பு ரிப்பன். முதல் மூன்றும் யார் வீட்டில் இருக்கின்றன என்று அத்தைக்குத் தெரியும், கேட்டால் கண்ணாடியைக் கழற்றி மடித்து வைக்கிறார்.